பள்ளிக்கூடத்தில் அக்குபங்சர் வகுப்பு: பிள்ளைகள் எதைக் கற்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்?



"பள்ளிக்கூடத்துல அக்குபங்சர் சொல்லித் தர்றாங்களாம், பிள்ளையை அனுப்பலாமா?" குழுக் கூட்டங்களில் எங்களிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது. "மருந்தே வேண்டாம், செலவே இல்லை" என்று கேட்கும்போது நமக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நாள் கூலி போகுது. பஸ் செலவு, மருந்துச் செலவு என்று கடைசியில் சங்கக் கடன் வரைக்கும் போய் நிற்கிறோம். அதனால் இந்த வகுப்பை வேண்டாம் என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. சொல்வதை எல்லாம் அப்படியே நம்பவும் கூடாது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் தங்கள் உடம்பைப் பற்றிக் கற்கட்டும். விரலால் அழுத்தும் சில புள்ளிகளையும் கற்கட்டும். ஊசி மட்டும் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது. எந்த நேரத்தில் டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதையும் அதே வகுப்பில் சொல்லித் தர வேண்டும். அது இல்லாத வகுப்பு அரைகுறை வகுப்பு.

அக்குபங்சர் என்றால் என்ன?

இது சீனாவின் பழைய மருத்துவ முறை. உடம்பில் உயிர்ச்சக்தி சில பாதைகளில் ஓடுகிறது, அது தடைபட்டால் நோய் வரும், பாதையில் உள்ள புள்ளிகளைத் தூண்டினால் சரியாகும் என்பது அவர்களுடைய கொள்கை. 12 முக்கியப் பாதைகள், 361 புள்ளிகள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மெல்லிய ஊசியால் தூண்டினால் அக்குபங்சர். விரலால் அழுத்தினால் அக்குபிரஷர்.

1938-ல் போர் நடந்த சீனாவுக்கு உதவ நம் நாட்டிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். அதில் ஒருவரான டாக்டர் பாசு பிற்பாடு மறுபடியும் சீனா சென்று இந்த முறையைக் கற்று, 1959-ல் கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். மத்திய அரசு 2003-ல் இதை ஒரு சிகிச்சை முறையாகவும், 2019-ல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றுக்கொண்டது.

இது வேலை செய்யுதா? சில வகை வலிக்கும் குமட்டலுக்கும் பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சக்திப் பாதை என்று ஒன்றை உடம்பைத் திறந்து பார்த்து யாரும் கண்டதில்லை. ஆனால் ஊசியும் அழுத்தமும் நரம்பைத் தூண்டுகின்றன, அப்போது உடம்பே வலியைக் குறைக்கும் பொருளைச் சுரக்கிறது என்று விஞ்ஞானிகள் விளக்குகிறார்கள். வலி குறைவது வேறு, நோய் போவது வேறு. இந்த வித்தியாசத்தை நாம் மறக்கவே கூடாது.

சீனப் பள்ளிகள் நமக்குச் சொல்லும் பாடம்

பள்ளிப் பிள்ளைகளுக்கு அழுத்தப் புள்ளிகளைச் சொல்லித் தருவது சீனாவில் புதிது இல்லை. 1963 முதல் அங்கே பள்ளிகளில் கண் பயிற்சி நடக்கிறது. பாட்டுப் போட்டதும் பிள்ளைகள் எல்லாரும் கண்ணை மூடி, புருவம், மூக்கின் மேல்பக்கம், நெற்றிப் பொட்டு, கன்னம் ஆகிய இடங்களைச் சில நிமிடம் அழுத்தித் தேய்ப்பார்கள். கண் கெட்டுப்போகாமல் இருக்கும் என்பதுதான் நோக்கம்.

பலன் என்ன? 2018-ல் அங்கே எடுத்த கணக்கில் பிள்ளைகளில் 100-க்கு 53 பேருக்கு மேல் தூரப் பொருள் தெரியாத கிட்டப்பார்வை இருந்தது. பயிற்சி கண்ணுக்கு ஓய்வு தந்திருக்கலாம். ஆனால் கிட்டப்பார்வையைத் தடுக்க அது போதவில்லை.

அதே சீனாவில் குவாங்சோ என்ற நகரத்தில் 12 பள்ளிகளில் ஒரு ஆய்வு நடந்தது. 6 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வெளிச்சத்தில் விட்டார்கள். மீதி 6 பள்ளிகள் வழக்கம் போல நடந்தன. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வெளியே விட்ட பள்ளிகளில் 100-க்குச் சுமார் 30 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பள்ளிகளில் சுமார் 40 பேருக்கு. இந்த முடிவு 2015-ல் வெளிவந்தது.

பார்த்தீங்களா? புள்ளியை அழுத்தியதை விட வெளியே விளையாடியது அதிகம் உதவியிருக்கிறது. செல்போனை வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளையைத் தெருவில் விளையாட விடுவதும் ஆரோக்கியப் பாடம்தான். கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால் கண் பரிசோதனைதான் வழி. தேவைப்பட்டால் கண்ணாடி போட்டே ஆக வேண்டும்.

பிள்ளைகள் கற்கக் கூடிய மூன்று புள்ளிகள்

விரல் அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதனால் யாருக்கு அழுத்துகிறோமோ அவர்களுடைய விரலால்தான் அளக்க வேண்டும். வலிக்காத அளவுக்கு ஒன்று, இரண்டு நிமிடம் அழுத்தினால் போதும். புண், வீக்கம், எலும்பு முறிவு உள்ள இடத்தில் அழுத்தக் கூடாது.

1. குமட்டலுக்கு: உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புக் கயிறு போலத் தெரிவதற்கு நடுவில். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் குமட்டல் இதனால் குறைவதாக ஆய்வுகள் உண்டு. பஸ்ஸில் வாந்தி வரும் பிள்ளைகளுக்கும் முயன்று பார்க்கலாம். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது.

2. சாதாரண தலைவலிக்கு: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதைப்பகுதி. அதற்கு முன்னால் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கட்டும். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைக்குத் தலைவலி என்றால் சாப்பாடுதான் மருந்து.

3. மாதவிடாய் வயிற்று வலிக்கு: காலின் உள்பக்கக் கணுக்கால் எலும்புக்கு மேலே நான்கு விரல் தள்ளி. வலி குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. கூடவே வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கலாம். பள்ளிக்குப் போக முடியாத அளவுக்கு மாதாமாதம் வலித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது புள்ளிகளைக் கர்ப்பிணிகளுக்கு அழுத்தக் கூடாது என்பது இந்த மருத்துவ முறையிலேயே உள்ள விதி. பிள்ளைகள் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் அண்ணிக்கும் அக்காவுக்கும் அழுத்திப் பார்ப்பார்கள். அதனால் இதைச் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.

ஊசி ஏன் வேண்டாம்?

ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி. கிருமியும் பரவலாம். நெஞ்சில், முதுகில் தவறாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழலாம். முறையாகப் படித்துப் பயிற்சி பெற்றவர்கள் ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் ஊசியால் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு வார வகுப்பில் பிள்ளைகள் ஒருவருக்கு ஒருவர் குத்திப் பழகும் விஷயமே இல்லை. வெந்தயம், பயறு ஒட்டும் முறையையும் சொல்லித் தருகிறார்கள். பெரிய பிள்ளைகளுக்குச் சரி. சின்னப் பிள்ளைகள் அதை மூக்கில் போட்டுக்கொள்ளும், கவனம்.

அழுத்திக்கொண்டு உட்காரக் கூடாத நேரங்கள்

இவற்றை ஒரு அட்டையில் எழுதி வகுப்பறையிலும் வீட்டிலும் ஒட்டி வையுங்கள்.

- இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல். டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து அதிகம். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து படுப்பது ஆகியவை இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.
- வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் கடுமையான வலி.
- தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு.
- மூச்சுத் திணறல்.
- பாம்புக் கடி. கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐக் கூப்பிடுங்கள்.
- நாய்க் கடி. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.

மாத்திரையை நிறுத்தச் சொன்னால்?

எங்களுக்கு அதிகக் கவலை தருவது இதுதான். "ஆங்கில மருந்து எல்லாம் விஷம், எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்று ஒரு வகுப்பில் சொன்னால் அங்கிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். இன்சுலின் போடும் பிள்ளைக்கு அதை நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம். பள்ளியில் 10 வயதிலும் 16 வயதிலும் போடும் தடுப்பூசியை விட்டால் ரண ஜன்னியும் தொண்டை அடைப்பானும் வரும் வாய்ப்பு கூடும்.

நம் பெண் பிள்ளைகளின் ரத்தசோகையைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை. எந்தப் புள்ளியை அழுத்தினாலும் ரத்தம் ஊறாது. இரும்புச்சத்து உள்ளே போக வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற மாத்திரை அதற்குத்தான். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். மலம் கருப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். அதோடு முருங்கைக்கீரை, பயறு, முட்டை, முடிந்தபோது ஈரல். எலுமிச்சை, நெல்லி சேர்த்தால் சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். குடற்புழு மாத்திரையையும் தவற விடாதீர்கள்.

முழுமையான ஆரோக்கியம் என்றால்

1948-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம், நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் இல்லை, உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் நன்றாக இருப்பதே ஆரோக்கியம் என்கிறது. நல்ல சாப்பாடு, சுத்தமான தண்ணீர், கழிப்பறை, நேரத்துக்குத் தூக்கம், மனம் விட்டுப் பேச ஒரு ஆள், அடியும் சண்டையும் இல்லாத வீடு, இவை எல்லாம் இதில் சேரும். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராததால் காலை முதல் மாலை வரை சிறுநீரை அடக்கி வைக்கிற பெண் பிள்ளைக்கு எந்த வகுப்பும் முழுமையான வகுப்பு ஆகாது.

வகுப்பு நடத்துபவரிடம் கேளுங்கள்

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப் பெண்களும் இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். நம் உறுப்பினர்களும் அதில் இருக்கிறீர்கள். தயங்காமல் கேளுங்கள்:

1. நீங்கள் எங்கே, எத்தனை காலம் படித்தீர்கள்? சான்றிதழைக் காட்டுவீர்களா?
2. ஊசி உண்டா? (உண்டு என்றால் வேண்டாம்.)
3. பிள்ளைகள் தங்கள் கை, காலைத் தாங்களே அழுத்திப் பழகுவார்களா? பிறர் உடம்பைத் தொட வேண்டி வருமா? வகுப்பில் பெண் ஆசிரியர் கூடவே இருப்பாரா?
4. டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகளைச் சொல்லித் தருவீர்களா?
5. மாத்திரை, தடுப்பூசி பற்றி என்ன சொல்வீர்கள்?
6. கட்டணம் எவ்வளவு? கருவி, எண்ணெய், புத்தகம் வாங்கச் சொல்வீர்களா?

மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சிகிச்சை என்ற பெயரில் யாராவது தகாதபடி தொட்டால் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

இன்னும் ஒன்று. "சில நாள் பயிற்சி, சான்றிதழ் வாங்கினால் ஊரில் டாக்டர் மாதிரி சம்பாதிக்கலாம்" என்று சொல்லி நம்மிடமே பணம் கேட்டு வருவார்கள். அதற்காகச் சங்கக் கடன் எடுக்காதீர்கள். சில நாள் பயிற்சி யாரையும் வைத்தியராக்காது. கடனைக் கட்ட வேண்டியது நாம்தான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டி, அரை மணி நேரம் பேசுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் இப்படி வகுப்பு நடந்தால் இரண்டு பேர் போய் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள். நன்றாக இருந்தால் தலைமை ஆசிரியரிடம் பாராட்டிச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள், அல்லது 104-க்குப் போன் செய்யுங்கள். பிள்ளைக்குப் புள்ளி தெரிவது நல்லதுதான். எப்போது "அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று சொல்ல வேண்டும் என்பது அதற்கும் முன்னால் தெரிய வேண்டும்.

- களப்பணிக் குழுவிலிருந்து, ஒருங்கிணைப்பாளர்