தடித்த எழுத்தெல்லாம் தலைப்பு ஆகாது

தமிழ் விக்கிப்பீடியாவில் தன் ஊரைப் பற்றி எழுத வரும் புதியவர், ‘வரலாறு’ என்ற சொல்லின் இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள் குறி போடுகிறார். சொல் தடித்துத் தெரிகிறது. பார்வைக்குத் தலைப்பேதான். ஆனால் விக்கி மென்பொருளுக்கு அது கொஞ்சம் தடித்த ஒரு சொல், அவ்வளவே.

அதையே == வரலாறு == என்று இரண்டிரண்டு சமக்குறிகளுக்கு நடுவே எழுதட்டும். உடனே அது பொருளடக்கத்தில் ஏறிவிடுகிறது. அந்தப் பகுதியை மட்டும் திருத்த அருகிலேயே ‘தொகு’ இணைப்பு முளைக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளில், தலைப்புக்குத் தலைப்பு தாவித்தான் நீண்ட பக்கத்தில் வேண்டிய இடத்துக்கு விரைவாகப் போக முடியும். வெறும் தடித்த சொல் அங்கே தலைப்பாகக் கேட்காது. ஒரு வாசகரையே வெளியே நிறுத்திவிடும் பிழையைச் சின்னப் பிழை என்று எப்படி ஒதுக்குவது?

எளிய குறிகளால் பக்கத்தை வடிவமைக்கும் வழக்கம், வார்டு கன்னிங்காம் 1995-இல் தொடங்கிய முதல் விக்கியிலேயே உண்டு. அங்கே இணைப்பு தர வேண்டுமானால் ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றி ஒட்டி, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்க வேண்டும். 2001-இல் பிறந்த விக்கிப்பீடியாவும் முதலில் அப்படித்தான் இயங்கியது. அந்த ஆண்டிலேயே இரட்டைச் சதுர அடைப்பு வந்து சேர்ந்தது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழுக்கு அந்தப் பழைய முறை துளியும் பொருந்தியிருக்காது. இன்று [[மதுரை]] என்றால் போதும். உருபு ஏறிச் சொல் திரியும் இடத்தில் நடுவே ஒரு செங்குத்துக் கோடு: [[தமிழ்நாடு|தமிழ்நாட்டில்]]. கோட்டுக்கு முன்னால் கட்டுரையின் பெயர், பின்னால் வாசகர் காணும் சொல்.

கட்டுரையின் ஓரத்தில் மக்கள்தொகை, பரப்பளவு எல்லாம் காட்டும் பெட்டி இரட்டை நெளி அடைப்புக்குள் அழைக்கப்படும் வார்ப்புருவிலிருந்து வருகிறது. வார்ப்புருவில் ஒரு வரியை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் பக்கங்கள் அத்தனையும் மாறும். பரவலாகப் பயன்படும் வார்ப்புருக்களைப் பூட்டி வைப்பது அதனால்தான்.

நிறத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அட்டவணை அழகாக இருக்கட்டுமென்று ஒருவர் பின்னணிக்கு வெளிர்மஞ்சள் கொடுக்கிறார். எழுத்தின் நிறத்தைக் குறிப்பிடவில்லை. வெள்ளைத் திரையில் குறையொன்றும் தெரியாது. 2024-இல் விக்கிப்பீடியாவில் இருள் பயன்முறை பரவியபோது இத்தகைய இடங்களில் எழுத்து வெளுத்தது, பின்னணி வெளிர்மஞ்சளாகவே நின்றது, படிக்கவே முடியவில்லை. பின்னணிக்கு நிறம் தருபவர் எழுத்துக்கும் சேர்த்துத் தர வேண்டும். அதைவிட நல்லது, வார்ப்புருவுக்கெனத் தனி நடைத்தாள் எழுதி நிறங்களை அங்கே வைப்பது. 2018 முதல் அதற்கு வசதி இருக்கிறது. கட்டுரைக்குள் நிறக் குறியீடுகள் குவிந்தால், நாளை ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வருபவர் அந்தக் காட்டைப் பார்த்தே திரும்பிப் போய்விடுவார். பலர் சேர்ந்து எழுதும் இடத்தில் அதைவிடப் பெரிய இழப்பில்லை.

குறிகளே வேண்டாம் என்பவர்களுக்குக் காட்சித் தொகுப்பி இருக்கிறது. பழகிப் பார்க்க மணல்தொட்டி இருக்கிறது. சேமிக்கும் முன் முன்தோற்றத்தைப் பார்த்துவிடலாம். அதையும் மீறிப் பக்கம் குலைந்தால், ‘வரலாற்றைக் காட்டவும்’ பகுதியிலிருந்து பழைய வடிவத்தை மீட்டுவிடலாம்.