ஸ்பார்க் எங்கே போச்சு?



ஒரு விடுகதையோடு ஆரம்பிக்கிறேன். சாவியைத் திருப்புகிறீர்கள். செல்ஃப் எடுக்கிறது. இன்ஜின் "படபட"வென்று ஸ்டார்ட் ஆகிறது. சாவியை விட்ட அடுத்த விநாடி அணைந்து போகிறது. பத்துத் தடவை திருப்பினாலும் இதே கதைதான். பெட்ரோல் இருக்கிறது, பாட்டரியும் நல்ல பாட்டரி. கோளாறு எங்கே?

விடையை உடனே சொல்லிவிட்டால் ருசி இருக்காது. முதலில் இந்த விடுகதைக்குப் பேர்போன ஒரு காரைப் பார்ப்போம்.

ரோட் ரன்னர்

நடுத்தர அளவு பாடிக்குள் பெரிய வி-8 இன்ஜினைத் திணித்து, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலையில் அமெரிக்காவில் விற்ற கார்களுக்கு மஸில் கார் என்று பெயர். 1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. இந்த வகையைப் பிரபலமாக்கியது. 1968 மாடலாகப் பிளிமத் ரோட் ரன்னர் வந்தது. ஆம், கார்ட்டூனில் ஓடும் அதே பறவையின் பெயர்தான். ஹாரன்கூட "பீப் பீப்" என்றுதான் அடிக்கும்! அதில் 383 கன அங்குல இன்ஜின். நம் கணக்கில் சுமார் 6,280 சி.சி. நாம் பார்த்து வளர்ந்த அம்பாசடரின் 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜினைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

இவ்வளவு பெரிய இன்ஜினுக்கு நெருப்பு வைப்பது யார்? நம் லேபில் கட் செக்ஷனாக இருக்கும் அதே பாட்டரி இக்னிஷன்தான். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1910 மாடல் காடிலாக் கார்களில் வந்த முறை. பாட்டரி, காயில், சி.பி. பாயின்ட், கண்டன்சர், டிஸ்ட்ரிப்யூட்டர், பிளக். அவ்வளவுதான். அதனால்தான் இந்தக் காரை எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் கிடையாது; எல்லாமே கண்ணுக்குத் தெரியும், மீட்டருக்கும் தெரியும்.

வி-8 ஏன் கஷ்டம்?

நாலு சிலிண்டருக்கும் எட்டு சிலிண்டருக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,000 ஆர்.பி.எம்.மில் ஃபோர் ஸ்ட்ரோக் வி-8 இன்ஜினுக்கு நிமிஷத்துக்கு 16,000 ஸ்பார்க் வேண்டும். ஒரு ஸ்பார்க்குக்கும் அடுத்ததுக்கும் நடுவே 3.75 மில்லி செகண்ட். டிஸ்ட்ரிப்யூட்டர் கேம் ஒரு சிலிண்டருக்கு 45 டிகிரி சுற்றுகிறது. அதில் பாயின்ட் மூடியிருக்கும் டுவெல் சுமார் 30 டிகிரி. ஆக, காயிலில் கரன்ட் ஏறுவதற்குக் கிடைப்பது வெறும் 2.5 மில்லி செகண்ட்! நாலு சிலிண்டருக்கு இதுபோல் இரண்டு மடங்கு நேரம் உண்டு.

அதனால் நாலு சிலிண்டர் பொறுத்துக்கொள்ளும் சின்னக் குறையை வி-8 பொறுக்காது. பாயின்ட் கேப் அதிகமானால் டுவெல் குறையும், காயில் நிறையாது, வேகத்தில் மிஸ்ஸிங் வரும். ஐடிலில் ஒன்றும் தெரியாது. ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் குட்டு வெளிப்படும்.

நான் பட்ட பாடு

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. விடுமுறையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டிரெய்னிங் போயிருந்தேன். ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவர் சி.பி. பாயின்ட் காலத்துப் பெட்ரோல் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். ஐடிலில் நன்றாக ஓடும், மிதித்தால் வெட்டும். நான் பெரிய ஆள் மாதிரி, "பிளக் போயிடுச்சு சார்" என்றேன். மாற்றினோம். சரியாகவில்லை. "காயில்தான் சார்." மாற்றினோம். அப்புறம் கண்டன்சர். மூன்று பில். பென்ஷன் பணம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கடைசியில் பெரிய மெக்கானிக் வந்து டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே பாயின்ட் உட்கார்ந்திருக்கும் பிளேட்டை விரலால் மெதுவாகத் திருப்பினார். அதை எர்த்தோடு சேர்க்கும் சின்ன ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. மிதிக்கும்போது வேக்குவம் அட்வான்ஸ் பிளேட்டைத் திருப்பும், அறுந்த முனைகள் விலகும், எர்த் போய்விடும்.

"தம்பி, நீ கழட்டிப் போட்டது எல்லாமே நல்ல சாமான். முதல்ல பாரு, அப்புறம் அள, கடைசியாத்தான் மாத்து" என்றார். இந்தக் கட்டுரையே அந்த ஒரு வரிக்கான விளக்கம்தான்.

வரிசையாகத் தேடுவோம்

மறுபடி ரோட் ரன்னருக்கு வருவோம்.

1. முதலில் நோய்க்குறி. செல்ஃபே எடுக்கவில்லை என்றால் அது இக்னிஷன் கோளாறு இல்லை. பாட்டரி, ஸ்டார்ட்டர் பக்கம் போங்கள். செல்ஃப் எடுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஸ்பார்க்கா, பெட்ரோலா என்று பிரிக்க வேண்டும்.

2. ஸ்பார்க் இருக்கிறதா? காயிலிலிருந்து வரும் நடு எச்.டி. ஒயரை டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியிலிருந்து எடுத்து, இன்சுலேஷன் உள்ள பிளையரால் பிடித்து, பிளாக்கிலிருந்து 5 மி.மீ. தள்ளி வைத்துக் கிராங்க் செய்யுங்கள். வெறும் கையால் பிடிக்காதீர்கள். 20,000 வோல்ட் விளையாட்டில்லை. பெட்ரோல் கசிவு இருந்தால் இந்த டெஸ்ட்டே வேண்டாம். "டக் டக்"கென்று நீல ஸ்பார்க் வந்தால் பிரைமரி பக்கம் நல்லது. கோளாறு மூடி, ரோட்டார், ஒயர், பிளக், டைமிங், இல்லையேல் பெட்ரோல். ஸ்பார்க் வரவில்லை என்றால் பிரைமரி பக்கம் போங்கள். பாதி வேலை முடிந்தது, கவனித்தீர்களா? இன்னும் ஒரு சாமானும் வாங்கவில்லை!

3. டெஸ்ட் லேம்ப். காயிலின் நெகட்டிவ் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே லேம்ப் வைத்துக் கிராங்க் செய்யுங்கள். மினுக்கினால் பாயின்ட் திறந்து மூடுகிறது. எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவில்லை, கருகியிருக்கிறது, அல்லது எர்த் இல்லை. எரியவே இல்லை என்றால் பாயின்ட் திறக்கவில்லை, கண்டன்சர் ஷார்ட், அல்லது காயிலுக்குச் சப்ளை வரவில்லை. காயிலே உள்ளே அறுந்தும் இருக்கலாம். பிளஸ் முனையில் மீட்டர் வைத்தால் அது தெரிந்துவிடும்.

4. பாயின்ட். இந்த இன்ஜினுக்கு 0.017 அங்குலம், அதாவது சுமார் 0.43 மி.மீ. கேப் வையுங்கள். பிறகு டுவெல் மீட்டர். அதற்கப்புறம்தான் டைமிங் லைட். ஏனென்றால் கேப் மாறினால் பாயின்ட் திறக்கும் நேரமும் மாறும். டைமிங்கை முதலில் வைத்துவிட்டு கேப்பைத் தொட்டால் இரண்டு வேலையும் வீண்.

5. செகண்டரி பக்கம். மூடிக்குள் தலைமுடி போலக் கறுப்புக் கோடு ஓடினால் அது விரிசல் வழியே கரன்ட் போன தடம். கார்பன் கோர் ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துவிடும். பூட்டைப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும். ராத்திரி விளக்கை அணைத்து பானட்டைத் திறந்து பாருங்கள். கசியும் ஒயரில் நீலப் பொறி தெரியும்.

இந்த இன்ஜினுக்கே உரிய வம்பு ஒன்று உண்டு. ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. இதில் 5-ம் 7-ம் அடுத்தடுத்து வெடிக்கின்றன; இரண்டும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள். இவற்றின் ஒயர்கள் ஒட்டி இணையாகப் போனால், 5-க்குப் போகும் ஸ்பார்க் 7-ஐயும் தூண்டி, நேரத்துக்கு முன்பே வெடிக்க வைக்கும். சாமான் எல்லாம் புதுசு, ஆனாலும் மிஸ்ஸிங்! ஒயரைத் தள்ளிப் போட்டால் தீர்ந்தது. செலவு பூஜ்யம்.

6. சூடானால் மட்டும் நிற்கிறதா? காயிலோ கண்டன்சரோ சூட்டில் மக்கர் செய்யலாம். ஆனால் பெட்ரோல் லைனில் வேப்பர் லாக் வந்தாலும் இதே நோய்க்குறிதான். நின்ற அந்த நிமிஷமே ஸ்பார்க் டெஸ்ட் செய்ய வேண்டும். ஆறிய பிறகு டெஸ்ட் செய்தால் எல்லாமே நல்லதாகத்தான் காட்டும்.

விடுகதைக்கு விடை

சாவியைத் திருப்பும்போது ஓடுகிறது, விட்டால் அணைகிறது. அப்படியானால் கிராங்க் நேரத்தில் காயிலுக்குக் கரன்ட் போகும் வழி வேறு, ஓடும்போது போகும் வழி வேறு. இதுதான் சூட்சுமம்.

செல்ஃப் எடுக்கும்போது ஸ்டார்ட்டர் கரன்டை விழுங்குவதால் பாட்டரி வோல்டேஜ் இறங்கும். அந்தக் குறைந்த வோல்டேஜிலும் நல்ல ஸ்பார்க் தரும்படி காயில் செய்யப்பட்டிருக்கிறது. ஓடும்போது முழு 12 வோல்ட்டும் அதற்குமேல் சார்ஜிங்கும் வந்தால் காயில் கொதிக்கும், பாயின்ட் கருகும். அதனால் ஓடும் வழியில் மட்டும் ஒரு பாலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கிறது. பீங்கான் கட்டைக்குள் ஒரு சுருள் கம்பி. குளிர்ந்திருக்கும்போது அரை ஓம் அளவு. இது ஃபயர்வாலில் தனியாக உட்கார்ந்திருக்கும். கிராங்க் செய்யும்போது சாவி இதைத் தாண்டி நேராகக் கரன்ட் கொடுக்கும். இந்தக் கம்பி அறுந்தால்? நம் விடுகதைதான்!

நிரூபிப்பது சுலபம். சாவி ஆன், பாயின்ட் மூடியிருக்கட்டும். ரெசிஸ்டரின் சாவிப் பக்கம் பாட்டரி வோல்டேஜ், காயில் பக்கம் பூஜ்யம் என்றால் ரெசிஸ்டர் போய்விட்டது. இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் ரெசிஸ்டரை மாற்றாதீர்கள். சாவி சுவிட்சோ, ஃபயர்வால் கனெக்டரில் பச்சை பிடித்த பின்னோதான் காரணம். நல்ல ரெசிஸ்டர் என்றால் காயில் பக்கம் 12-க்குக் குறைவாக, 6 முதல் 9 வரை காட்டும். ஒரு எச்சரிக்கை: பாயின்ட் திறந்திருந்தால் கரன்ட் ஓடாது, வோல்டேஜ் இறங்காது, அங்கேயும் முழு 12 காட்டும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அளந்ததும் சாவியை ஆஃப் செய்துவிடுங்கள். இல்லையேல் காயில் சூடாகும்.

"ஒரு ஒயரைப் போட்டு ரெசிஸ்டரைத் தாண்டிவிட்டால் போச்சு" என்று தோன்றும். வண்டி அன்றைக்கு ஓடும். கொஞ்ச நாளில் பாயின்ட் கருகித் திரும்பி வரும். அது ரிப்பேர் இல்லை, கோளாறைத் தள்ளிப்போடுவது.

கடைசியாக...

1973-ல் கிரைஸ்லர் தன் கார்களில் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷனைப் பொதுவாக்கியது. இன்று ஸ்கேனரைச் செருகினால் கோட் நம்பர் வருகிறது. ஆனால் "இந்த சிலிண்டரில் மிஸ்ஃபயர்" என்றுதான் கோட் சொல்லும். காயிலா, ஒயரா, எர்த்தா என்று நாம்தான் தேட வேண்டும். கோட் பார்த்ததும் காயிலை மாற்றுகிறவனும், அன்று பிளக்கை மாற்றிய நானும் ஒரே ஆள்தான்.

வண்டிக்காரர் நம் கையில் சாவியை மட்டும் கொடுப்பதில்லை. தன் பணத்தையும் நம்பிக்கையையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். டிப்ளமோ படித்தவனுக்கும் சாமான் மாற்றுகிறவனுக்கும் வித்தியாசம் சட்டையில் இல்லை நண்பர்களே, கையில் இருக்கும் மீட்டரில் இருக்கிறது.

முதல்ல பாரு. அப்புறம் அள. கடைசியாத்தான் மாத்து.