காருக்குப் பெரிய சக்கரம் மாட்டலாமா?

அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் வாழ்ந்து வந்தார். அவருடைய சிறு மகனிடம் ஒரு மூன்று சக்கர மிதிவண்டி இருந்தது. அந்நாளைய சக்கரங்கள் கெட்டி ரப்பரால் ஆனவை. கற்கள் பாவிய தெருவில் ஓட்டும்போது பிள்ளையின் உடல் குலுங்குவதைக் கண்ட தந்தை, 1887-ஆம் ஆண்டில் ரப்பர்க் குழாய்க்குள் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். மறு ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ராபர்ட் தாம்சன் என்பவர் 1845-ஆம் ஆண்டிலேயே இதே கருத்துக்கு உரிமை பெற்றிருந்தாலும், காற்றடைத்த டயர் உலகெங்கும் பரவியது டன்லப்பின் முயற்சிக்குப் பிறகுதான்.

வண்டியில் அமர்ந்திருப்பவரின் உடல் நோகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே டயருக்குள் காற்று புகுந்தது என்பதை இந்த வரலாறு நமக்குச் சொல்கிறது. இன்று நம் இல்லங்களில் நடைபெறும் ஓர் உரையாடலுக்கு இச்செய்தி பெரிதும் பயன்படும்.

வீட்டுக்கென்று ஒரு செடான் கார் வாங்கியாயிற்று. சில மாதங்களில் கல்லூரி செல்லும் மகன், "வாப்பா, இந்தச் சக்கரம் சின்னதாகத் தெரிகிறது, 17 அங்குல அலாய் வீல் மாட்டினால் வண்டியின் தோற்றமே மாறிவிடும்" என்கிறான். தந்தைக்குச் செலவைப் பற்றிய கவலை. தாய்க்கோ, அதனால் ஆபத்து ஏதும் உண்டா என்ற ஐயம். மகன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பெற்றோரின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எதை எவ்வளவு மாற்றலாம் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வீட்டில் வாக்குவாதத்துக்கே இடமிராது.

டயரில் எழுதியிருப்பது என்ன?

டயரின் பக்கச்சுவரில் 185/65 ஆர்15 88 எச் என்பது போன்ற ஒரு குறிப்பு இருக்கும். முதல் எண்ணாகிய 185, டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். அடுத்துள்ள 65, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பதைக் காட்டும். ஆர் என்பது ரேடியல் டயர் என்பதன் அடையாளம். 15 என்பது டயர் அமரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது சுமை எண். இறுதியில் உள்ள எழுத்து வேகக் குறி. டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் என்றால் 210, வி என்றால் 240 வரை அந்த டயர் தாங்கும் என்று பொருள்.

ஆகவே இந்த டயரின் பக்கச்சுவர் 185-இல் 65 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 120 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரு மடங்கு பக்கச்சுவரையும், 381 மில்லிமீட்டர் ரிம்மையும் கூட்டினால் சக்கரத்தின் முழு விட்டம் 621.5 மில்லிமீட்டர் என வரும். இந்தக் கூட்டல் ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும். கடைக்காரர் சொல்லும் எந்த அளவையும் நாமே சரிபார்த்துவிடலாம்.

ரிம் பெருத்தால் டயர் மெலிய வேண்டும்

2014-ஆம் ஆண்டு வெளிவந்த மாருதி சுசூகி சியாஸ் காரை எடுத்துக்கொள்வோம். அதன் சாதாரண வகைகளுக்கு 185/65 ஆர்15 டயரும், உயர்வகைக்கு 195/55 ஆர்16 டயரும் நிறுவனத்தாலேயே வழங்கப்பட்டன. இரண்டாவதின் முழு விட்டத்தைக் கணக்கிட்டால் 620.9 மில்லிமீட்டர். ரிம் ஓர் அங்குலம் பெரிதாயிற்று. முழுச் சக்கரத்தின் விட்டமோ ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. ரிம் வளர்ந்த அளவுக்குப் பக்கச்சுவரைக் குறைத்துவிட்டார்கள். ஹோண்டா சிட்டி காரிலும் இதே முறையைக் காணலாம். 175/65 ஆர்15 டயரின் விட்டம் 608.5, உயர்வகைக்குத் தரப்பட்ட 185/55 ஆர்16 டயரின் விட்டம் 609.9.

பெரிய சக்கரம் மாட்டுவதன் அடிப்படை விதி இதுதான். ரிம் பெரிதாகலாம், முழு விட்டம் மாறக் கூடாது. மாறினாலும் நூற்றுக்கு இரண்டு, மூன்றுக்குள் அடங்க வேண்டும்.

இந்த விதியை மறந்து, "சும்மா நிரம்பத் தெரியட்டும்" என்று அதே காரில் 215/60 ஆர்16 மாட்டினால் என்ன ஆகும்? விட்டம் 664.4 மில்லிமீட்டர் ஆகிவிடும். அதாவது ஏறத்தாழ 7 விழுக்காடு மிகை. வேகமானி சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது என்பதைக் கொண்டே வேகத்தைக் காட்டுகிறது. முன்பு 512 சுற்றில் ஒரு கிலோமீட்டர் கடந்த கார், இப்போது அதே 512 சுற்றில் 1,069 மீட்டர் ஓடிவிடும். வேகமானி 100 என்று காட்டும்போது, முன்பு அது துல்லியமாகக் காட்டியதாகவே கொண்டாலும், உண்மை வேகம் 107-ஐ நெருங்கியிருக்கும். ஐக்கிய நாடுகளின் வாகன விதி 39, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. பெரிய சக்கரம் நம்மை அறியாமலேயே அந்த எல்லையைத் தாண்ட வைக்கக்கூடும். ஓடிய தொலைவும் குறைவாகப் பதிவாவதால், பெட்ரோல் கணக்கும் சர்வீஸ் கணக்கும் பிழைபடும். ஸ்டியரிங்கை முழுமையாகத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

காற்று மெத்தை குறைகிறது

விட்டத்தைச் சரியாகக் காத்துக்கொண்டு ரிம்மை மட்டும் பெரிதாக்கினால் குறையே இல்லையா? உண்டு. சியாஸ் காருக்கு 17 அங்குல ரிம் மாட்ட விரும்புவோர் 205/45 ஆர்17 டயரைத் தேர்ந்தெடுப்பதாக வைத்துக்கொள்வோம். விட்டம் 616.3 மில்லிமீட்டர், கணக்கு பொருந்துகிறது. ஆனால் பக்கச்சுவரைப் பாருங்கள். 15 அங்குல ரிம்மில் 120 மில்லிமீட்டர், 16-இல் 107, 17-இல் வெறும் 92. கால்பங்கு மெத்தை போய்விட்டது.

மெலிந்த பக்கச்சுவர் வளைந்து கொடுக்காது. வளைவுகளில் கார் நூல் பிடித்தாற்போல் திரும்பும். ஸ்டியரிங்குக்குக் கார் உடனே பணியும். நெடுஞ்சாலையில் தனியே ஓட்டும் இளைஞருக்கு இது இனிக்கும். அதே கார், மழைக்குப் பின் பள்ளம் விழுந்த ஊர்ச்சாலையில் வயதான பெரியவர்களை ஏற்றிக்கொண்டு செல்லும்போது ஒவ்வொரு குலுக்கலும் முதுகுத்தண்டில் போய்ச் சேரும். வர்ணம் பூசாத வேகத்தடையை இருட்டில் சற்று விரைந்து கடந்துவிட்டால், டயர் ரிம்முக்கும் தரைக்கும் இடையே நசுங்கும். ரிம் நெளியும், அல்லது விரிசல் காணும். டயரின் உள்நூல் அறுந்து பக்கச்சுவரில் கொழுக்கட்டை போல் ஒரு புடைப்பு தோன்றும். புடைத்த டயரைப் பஞ்சர் கடையில் சரிசெய்ய இயலாது. மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் வேகத்தில் வெடிக்கும்.

மழையிலும் ஒரு வேறுபாடு உண்டு. அகலம் மிகுந்த டயர், தேங்கிய நீரை விலக்கித் தரையைத் தொடுவது கடினம். எனவே குறுகிய டயரைவிடக் குறைந்த வேகத்திலேயே அது நீரின்மேல் வழுக்கத் தொடங்கக்கூடும்.

சுமை எண்ணை மறந்துவிடாதீர்கள்

சக்கரம் பெரிதாயிருப்பதால் அது அதிகச் சுமை தாங்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. சுமை எண் 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 87 என்றால் 545 கிலோ. 84 என்றால் 500 கிலோ மட்டுமே. 185/65 ஆர்15 டயர் வழக்கமாக 88 என்ற எண்ணுடன் வருகிறது. 205/45 ஆர்17 டயரின் சாதாரண வகையோ 84 என்ற எண் கொண்டது. இரண்டு அங்குலம் பெரிய ரிம்முக்குப் பணம் கொடுத்து, டயர் ஒன்றுக்கு 60 கிலோ தாங்கும் திறனை இழக்கிறோம்.

இதே அளவில் எக்ஸ்.எல். என்று பொறிக்கப்பட்ட, வலுவூட்டப்பட்ட வகையும் உண்டு. அதன் சுமை எண் 88. ஆனால் அந்த முழுச் சுமையைத் தாங்க அதற்குச் சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்றழுத்தம் தேவை. பழைய அழுத்தத்திலேயே ஓட்டினால் அந்தப் பலன் கிட்டாது.

குடும்பக் கார் என்றைக்கு முழுச் சுமையுடன் ஓடுகிறது? திருமணத்திற்கு ஐந்து பேராகச் செல்லும்போதும், வளைகுடாவிலிருந்து வருபவரைத் திருச்சி அல்லது சென்னை விமான நிலையத்தில் வரவேற்று, பெட்டிகளை டிக்கியில் நிரப்பிக்கொண்டு திரும்பும்போதும்தான். காரில் எல்லோரும் இருக்கும் அந்நாளில்தான் டயரின் சுமை எண் சோதிக்கப்படுகிறது. எனவே புதிய டயரின் சுமை எண், நிறுவனம் தந்த டயரின் எண்ணுக்குக் குறையாதிருப்பது கட்டாயம். வேகக் குறியும் அவ்வாறே.

ரிம் பொருந்துகிறதா?

ரிம் வாங்கும்போது நான்கு செய்திகளைக் கேட்டறிய வேண்டும். முதலாவது, போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும். நான்கு துளைகளுடன் 100 மில்லிமீட்டர், ஐந்து துளைகளுடன் 114.3 மில்லிமீட்டர் ஆகியவை பரவலான அளவுகள். ஒன்றுக்கு மற்றொன்று ஒருபோதும் பொருந்தாது. இரண்டாவது, நடுத்துளை. அது காரின் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால், இடைவெளியை நிரப்பும் வளையம் போட்டாக வேண்டும். இல்லையேல் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். மூன்றாவது, ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே இது. இந்த அளவு குறைந்தால் சக்கரம் வெளியே பிதுங்கும். பேரிங்கின்மீது பளு கூடும். மிகுந்தால் உட்புறம் ஷாக் அப்ஸார்பரில் உரசும். நான்காவது, ரிம்மின் அகலம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் இன்ன அகலம் முதல் இன்ன அகலம் வரை என்று டயர் நிறுவனங்கள் பட்டியல் தருகின்றன.

ரிம்மின் தரமும் முக்கியம். ஜே.டபிள்யூ.எல். என்பது கார் அலாய் ரிம்களுக்கான ஜப்பானியத் தரத்தின் அடையாளம். தாங்கும் சுமையின் அளவும் ரிம்மில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாத, தோற்றத்தில் மட்டும் ஒத்த மலிவான ரிம்கள் பள்ளத்தில் விழும்போது உடையும் அபாயம் உடையவை. டயரில் நான்கு இலக்கத் தேதிக் குறியையும் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் உருவானது என்று பொருள். நெடுநாள் கிடங்கில் கிடந்த டயரைப் புதியது என்று விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

சட்டம் கூறுவது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரண்படும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உங்கள் கார் மாதிரியின் வேறொரு வகைக்கு நிறுவனமே வழங்கிய அளவைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பான வழி. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காமல் விட்டால் விபத்துக் காலத்தில் இழப்பீடு கேட்கும்போது அது ஒரு தடையாக வந்து நிற்கக்கூடும்.

மாட்டிய பிறகு

நட்டுகளை ஒன்றுக்கு எதிரே மற்றொன்றாக, குறித்த அளவு விசையில் முடுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை முடுக்கிப் பார்ப்பது அவசியம். வீல் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் அன்றே செய்துவிடுங்கள். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியின் முழு விட்டம் புதிய சக்கரங்களோடு ஒத்திருக்கிறதா, பழைய நட்டுகளே அதற்குப் பொருந்துமா என்பதையும் அங்கேயே கேட்டறியுங்கள். நள்ளிரவில் பஞ்சரான பிறகு கேட்டுப் பயனில்லை.

கடையிலிருந்து காரைத் தனியே ஓட்டிப் பார்த்துவிட்டு நிறைவு கொள்ளாதீர்கள். வீட்டிலுள்ள அனைவரையும் ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, ஒரு வேகத்தடையையும் மெல்லக் கடந்து பாருங்கள். உரசும் ஓசை கேட்டால் அந்த அளவு உங்கள் காருக்கு உரியதன்று.

மகனுக்கு ஒரு சொல்லும் தந்தைக்கு ஒரு சொல்லும் உண்டு. ஓர் அங்குலம் கூட்டி, நிறுவனமே ஏற்ற அளவில், நல்ல ரிம்மும் சரியான சுமை எண்ணும் கொண்ட டயரும் வாங்குவதாக இருந்தால், தந்தை தயங்க வேண்டியதில்லை. காரின் அழகும் கூடும், பிடிப்பும் கூடும். இரண்டு அங்குலம் வேண்டுமென்றால் மகன் சற்று யோசிக்கட்டும். அந்தப் பணத்தில் இப்போதுள்ள 15 அங்குல ரிம்முக்கே மிக உயர்ந்த தரமான நான்கு டயர்களை வாங்கலாம். ஓடும் காருக்கும் தரைக்கும் உள்ள தொடர்பு, டயருக்கு ஓர் உள்ளங்கை அளவு இடம் மட்டுமே. மழைநாளில் பிரேக்கை அழுத்தும் அந்த நொடியில், குடும்பத்தின் உயிரை ஏந்தி நிற்பவை அந்த நான்கு உள்ளங்கைகள்தான்.