பனிமலை ஏறப் போவோமா?

நம்ம மாரியூர் உப்பளத்து உப்புக் குவியல், தூரத்தில் நின்று பார்த்தா பனிமலை மாதிரியே இருக்கும். நிஜப் பனிமலை ஏற எப்படித் திட்டம் போடுவாங்க தெரியுமா?

பக்கத்து விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, 2023 மே மாதம் 8,849 மீட்டர் உயர எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். ஏன் மே? உச்சியில் வீசும் பலத்த காற்று அப்போது வடக்கே விலகும், பருவமழையும் வந்திருக்காது.

பனி இரவில் இறுகிக் கிடக்கும். வெயில் ஏறினால் இளகும். கால் புதையும், சில இடங்களில் சரியும். அதனால் நடுராத்திரியிலேயே கிளம்புவார்கள். 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் பனிச்சரிவு அதிகம். அந்த இடங்களை வரைபடத்திலேயே கண்டுபிடிக்கலாம். சமஉயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து. விலகியிருந்தால் சாய்வு குறைவு.

எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்வார்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், நேரம் தாண்டினால் இறங்கிவிட வேண்டும்.

ஒருநாள் காத்து மாறியதும் எங்க அப்பா வலையைச் சுருட்டிக்கொண்டு வெறும் வள்ளத்தோடு கரைக்கு வந்தார். அன்றைக்கு எனக்குக் கோபம். இப்போது இல்லை.

– 9ஆம் வகுப்பு மாணவி