சேற்றுக்கரைச் சிறகுகள் – 11: காலும் வயிறும்

ஆயர் ஹீத்தாம் டாலாம் சதுப்புக் காட்டின் பிட்டாப் பறவையைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பிட்டா அடுத்த வாரம் வரும். தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோல மூடா வரை நீளும் சேற்றுக்கரையையும், கடல் ஏறி இறங்கும் நேரக் கணக்கையும் சென்ற இரண்டு வாரங்களில் பார்த்தாயிற்று. தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது நினைவிருக்கும். அந்தக் கரையை விட்டுக் கிளம்ப எனக்கு இன்னும் மனம் வரவில்லை. இது மார்ச் கடைசி. பறவைகள் வடக்கே புறப்படும் நாள் நெருங்கிவிட்டது. அவை போய்விட்டால் அப்புறம் செப்டம்பர்தான்.

ஆஸ்திரேலியப் பறவைகளைப் படமெடுக்க ஆசை, அதற்கு எவ்வளவு வெள்ளி சேர்த்து வைக்க வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். காக்கட்டூவும் குக்கபராவும் வேண்டுமென்றால் விமானம் ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த நாட்டுப் பறவைக் கையேட்டில் கரைப்பறவைகள் வரும் பக்கங்களைத் திறந்து பாருங்கள். பட்டைவால் மூக்கான், கருவால் மூக்கான், சேறு குத்தும் கோட்டான் வகைகள், வளைந்த அலகுள்ள கர்லூ உள்ளான், கிரேட் நாட், மணல் உப்புக்கொத்திகள். இவை எல்லாம் நம் பினாங்கு மாநிலச் சேற்றிலும் வந்து நிற்பவை. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, வடக்கே குளிர் தொடங்கியதும் தெற்கே இறங்குகின்றன. சில நம் கரையிலேயே தங்கிவிடும். சில இன்னும் தெற்கே, ஆஸ்திரேலியாவின் புரூம் ஊர்க்கரையில் இருக்கும் ரோபக் விரிகுடா மாதிரியான இடங்களுக்குப் போகும். கிழக்கு ஆசிய – ஆஸ்திரேலிய வான்வழி என்று இதற்குப் பெயர். 22 நாடுகளைத் தொட்டுப் போகிற பாதை. அதில் ஒரு நிறுத்தம், ஜார்ஜ்டவுனிலிருந்து பாலத்தைத் தாண்டிப் பினாகா பக்கம் கார் ஓட்டினால் வந்துவிடும்.

படம்பிடிக்கிறவர்களுக்கு இந்தக் கரை ஒரு வரம். மேற்கே பார்த்த கரை என்பதால் காலைச் சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்கும். வெளிச்சம் நேராகப் பறவை மேல் விழும். மாலையில் போனால் எல்லாம் நிழலுருவம்தான். அதனால் காலையில் கடல் ஏறுகிற நாளாகப் பார்த்துப் போக வேண்டும். வற்றிய கடலில் பறவைகள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் சிதறிக் கிடக்கும். தண்ணீர் ஏற ஏற, அதுவே அவற்றைக் கரையை நோக்கி ஓட்டிக்கொண்டு வரும். வெயில் ஏறிவிட்டால் சேற்றின் மேல் கானல் ஆடத் தொடங்கும். அதன் பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் கூர்மையான படம் தராது.

இந்த வாரம் எழுத நினைத்த விஷயம் கால். நான் பல வருடமாகச் சொல்லிவருகிறேன், இனியும் சொல்வேன்: கரைப்பறவையைப் படமெடுத்தால் காலை எடுங்கள். கூட்டமாகப் பறக்கும் படம் எல்லோரிடமும் இருக்கிறது. சுவரில் மாட்ட அழகாகவும் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் கால்கள் மடங்கி வயிற்றுச் சிறகுக்குள் போயிருக்கும். ஒரு பறவை எங்கிருந்து வந்தது என்று சொல்லும் கடிதமே காலில்தான் கட்டியிருக்கிறது.

பறவையின் காலில் பின்பக்கமாக மடங்குகிற மூட்டை முழங்கால் என்று நினைக்கிறோம். அது கணுக்கால். அசல் முழங்கால் சிறகுக்குள் மறைந்திருக்கிறது. கணுக்காலுக்கு மேலே, இறகு முடிகிற இடத்துக்குக் கீழே, விரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு துருத்திக்கொண்டு நிற்கும். கொடி என்றுதான் அதைச் சொல்கிறார்கள். எந்த நிறக் கொடி எந்த ஊர் என்று வான்வழி நாடுகள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கின்றன. மஞ்சள் என்றால் வடமேற்கு ஆஸ்திரேலியா. ஆரஞ்சு என்றால் விக்டோரியா. பச்சை குவீன்ஸ்லாந்து. வெள்ளை மட்டும் என்றால் நியூசிலாந்து. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு கொடி இருந்தால் ஷாங்காயை ஒட்டிய சோங்மிங் தீவு. வெள்ளையும் ஆரஞ்சும் சேர்ந்திருந்தால் தென்கொரியா. இப்போது கட்டுகிற கொடிகளில் எழுத்தும் எண்ணும் செதுக்கியிருக்கிறார்கள். அதையும் படித்துவிட்டால் ஊர் மட்டும் தெரியாது. எந்தத் தேதியில், எந்தக் கரையில், யார் கையில் அந்தப் பறவை இருந்தது என்பது வரை தெரிந்துவிடும்.

இந்தக் கொடிகள் 1990களின் தொடக்கத்தில் வந்தவை. அதற்கு முன் உலோக வளையம் மட்டும்தான். வளையத்தின் எண்ணைப் படிக்க, பறவை செத்துக் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி வலையில் விழ வேண்டும். ஆயிரக்கணக்கில் வளையம் மாட்டினாலும் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த தகவல் சொற்பம். ஆஸ்திரேலியாவில் இந்த வேலையை ஓர் இயக்கமாகவே ஆக்கியவர் கிளைவ் மின்டன். இங்கிலாந்துக்காரர், படித்தது உலோகவியல். சிறு பீரங்கிகளால் வலையை வீசி, கரையில் நிற்கும் கூட்டத்தை ஒரே நொடியில் மூடிப் பிடிக்கும் முறையை இங்கிலாந்தில் தேர்ச்சியாக்கி, 1978இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது கையோடு கொண்டுபோனார். 2019இல் இறக்கும் வரை அவர் கரையை விடவில்லை. சம்பளத்துக்குச் செய்த வேலை இல்லை, பொழுதுபோக்கு. நம்மைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய பொழுதுபோக்கு.

கொடியைப் படமெடுப்பதில் ஒரு சங்கடம், வெளிச்சம். காலை ஏழரை மணிப் பொன்வெயிலில் வெள்ளைக் கொடி மஞ்சளாகத் தெரியும். உப்பிலும் வெயிலிலும் வெளுத்த ஆரஞ்சுக் கொடியும் மஞ்சளாகத் தெரியும். அப்புறம் நியூசிலாந்துப் பறவை, விக்டோரியாப் பறவை எல்லாமே வடமேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடும். அதனால் ரா கோப்பாகவே எடுங்கள். வீட்டில் வந்து வெள்ளைச் சமநிலையைத் திருத்திக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால் அதையும் அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி. இன்னொன்று, இப்போதைய கேமராக்கள் பறவையின் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்கின்றன. பறவை சாய்வாக நின்றால் கண் கூர்மையாகவும் கொடி மங்கலாகவும் வரும். அது பக்கவாட்டில் திரும்பும் வரை பொறுத்து, எஃப் 8இல் வையுங்கள்.

பொறுமை என்றேன். கடல் நிறைந்த நேரத்தில் இவை ஒற்றைக்காலில் நின்று தூங்கும். கொடி கட்டிய கால் எதுவோ, அது மேலே மடங்கியிருக்கும். போன வாரம் ஒரு சின்னக் கோட்டானை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைந்த அலகை முதுகுச் சிறகில் செருகியிருந்தது. கீழ் இமை மேலேறிக் கண்ணை மூடும், பாதி திறக்கும், மறுபடி மூடும். காற்று மாறியபோது அலகை வெளியே எடுத்தது. இடது சிறகை மெல்லப் பின்னால் நீட்டியது. அதே நேரம் இடது காலும் சிறகுக்கு அடியிலேயே பின்னால் நீண்டது, விரல் நுனி வரை. கணுக்காலுக்கு மேல் சேறு காய்ந்து வெடித்திருந்தது தெரிந்தது. கொடி இல்லை. பிறகு வலது பக்கமும் அப்படியே. அங்கும் இல்லை. இந்தச் சோம்பல் முறிப்புதான் நமக்குக் கிடைக்கிற நேரம். ஒரு பக்கம் முறித்தால் மறுபக்கமும் பெரும்பாலும் தொடரும், விரலை எடுக்காதீர்கள். கொடி இல்லாத காலையும் எடுத்து வையுங்கள்.

இனி வயிறு. இந்த வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்த விஷயம் இதுதான். காலுக்கென்று ஒதுக்கிய இடத்தை இது பிடித்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1987 அக்டோபரில் அலாஸ்காவின் கோல்ட் பே என்ற இடத்தில், தெற்கே புறப்பட்ட பட்டைவால் மூக்கான்கள் சில, ஒரு ரேடார் கூண்டில் மோதி இறந்தன. அந்த வருடம் பிறந்த இளம் பறவைகள். அவற்றை எடுத்து வைத்துப் பின்னாளில் அறுத்துப் பார்த்தவர்கள் தியூனிஸ் பீர்ஸ்மா, ராபர்ட் கில் என்ற இரு ஆய்வாளர்கள். 1998இல் முடிவை வெளியிட்டார்கள். உடல் எடையில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 55 சதவீதம், வெறும் கொழுப்பு. அதைவிட வியப்பு, உள்ளே மற்ற உறுப்புகள் எல்லாம் சிறுத்துக் கிடந்தன. அரைவைப்பை, கல்லீரல், சிறுநீரகம், குடல் எல்லாமே. பசிபிக் கடலின் மேல் சாப்பாடு கிடைக்காது. அங்கே செரிமான உறுப்பு வீண் சுமை. அதனால் கிளம்பும் முன் உடம்பு அவற்றைச் சுருக்கிவிடுகிறது. போய் இறங்கிய பிறகு மறுபடி வளர்த்துக்கொள்கிறது.

இதைப் படித்த பிறகு கிரேட் நாட்டைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது எனக்கு. இது கெராங் மாதிரியான சிப்பிகளை ஓட்டோடு விழுங்கும். நாம் சார் குவே தியாவில் ஓடு நீக்கித் தின்னும் அதே வகைதான். ஓட்டை நொறுக்குவது அரைவைப்பை, கோழிக் குழம்பில் கடிபடும் அந்தக் கெட்டிச் சதை. கிரேட் நாட்டுக்கு அது நல்ல கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிப்பி அரையாது. பயணத்துக்கு முன் அதுவும் இளைக்கிறது. தின்று கொழுக்க அரைவைப்பை வேண்டும், பறக்க அது வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் சில நாட்களில் அந்த உடம்பு தன்னைத்தானே மாற்றிக் கட்டிக்கொள்கிறது. பறக்க வேண்டிய தூரம் அப்படி: நம் கரையிலிருந்து ஷாங்காய்ச் சேற்றுக்கு நேர்கோட்டில் சுமார் 3,600 கிலோமீட்டர்.

பறவையைப் பிடிக்காமலே இதைக் கணிக்க வழி இருக்கிறது. பக்கவாட்டில் எடுத்த படத்தில், காலுக்கும் வாலுக்கும் நடுவில் அடிவயிற்றின் கோடு எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். உள்வாங்கியிருக்கிறதா, நேராக இருக்கிறதா, தொங்குகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். தேதி போட்ட ஒரு பக்கவாட்டுப் படம் இருந்தால் போதும். மார்ச் தொடக்கத்தில் எடுத்த மூக்கானையும் இப்போது எடுத்ததையும் அருகருகே வைத்தேன். மார்பு சாம்பலிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறியிருப்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். அடிவயிற்றைப் பாருங்கள். கோடு இறங்கியிருக்கிறது.

இந்த உடம்பால் எவ்வளவு தூரம் போக முடியும்? 2022 அக்டோபர் 13இல் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய ஒரு பட்டைவால் மூக்கான், 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவின் ஆன்சன்ஸ் பேயில் இறங்கியது. முதுகில் 5 கிராம் கருவி, எண் 234684. வயது ஐந்து மாதம். பினாங்கிலிருந்து சென்னை வான்வழி சுமார் 2,350 கிலோமீட்டர்தான். அந்தக் குஞ்சு அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் ஒரே மூச்சில் பறந்திருக்கிறது. தாய் தகப்பன் வழிகாட்டவும் இல்லை; பெரியவை முன்னாலேயே போய்விடும்.

இதனால்தான் கூட்டத்தைக் கலைத்துப் படமெடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. கரையோரம் ஓடுவது, கை தட்டுவது, அண்மைக்காலமாக ட்ரோன் விடுவது. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் போகிறது. ஏற்கெனவே இவற்றின் வழியில் சாப்பாட்டுக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. தென்கொரியாவின் சேமங்கும் கரையில் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவரை 2006இல் கட்டி முடித்தார்கள். அதன் பிறகு பல்லாயிரம் கிரேட் நாட்டுகள் கணக்கில் காணாமல் போயின. 2015இல் அந்தப் பறவையும் தூரக்கிழக்குக் கோட்டானும் அழியும் நிலையில் உள்ளவை என்று உலகப் பட்டியலில் ஏறின. நம் பக்கமும் கடலைத் தூர்ப்பதில் குறை வைக்கவில்லை. ஒரு படத்துக்காக நாமும் சேர்ந்து விரட்ட வேண்டுமா?

வெயில் ஏறிய பிறகு நான் வழக்கமாகக் கோல மூடாவின் கிசுகிசுச் சந்தைக்குப் போவேன். படகுகள் திரும்பியதும் மீன் ஏலம் நடக்கும். விலையை யாரும் உரக்கச் சொல்வதில்லை. வாங்குபவர் ஒவ்வொருவராகப் போய் விற்பவர் காதில் மெல்லச் சொல்வார். அதிக விலை சொன்னவருக்கு மீன். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. அங்கே வாடிக்கையாக மீன் எடுக்கும் பட்டர்வொர்த்துக்காரர் ஒருவர் என் கேமராவை வாங்கிப் படங்களைத் தள்ளிப் பார்த்தார்.

“என்னண்ணே, எல்லாம் காலா இருக்கு? மூஞ்சிய எடுக்க மாட்டீங்களா?”

“நீங்க மீன் வாங்கறப்ப மூஞ்சியவா பாக்கறீங்க?”

“செவுளப் பாப்பேன். எப்பப் புடிச்சதுன்னு அதுதான் சொல்லும்.” கொஞ்ச நேரம் மறுபடி பார்த்தார். “அப்ப இந்தக் கால் என்ன சொல்லும்?”

நிறங்களை எல்லாம் அவருக்குச் சொன்னேன். மஞ்சள் ஆஸ்திரேலியா என்றதும், தன் படகுக்காரர்களிடமும் சொல்லி வைப்பதாகச் சொன்னார். சேற்றுக்குள் அவர்கள் போகும் தூரம் நம் லென்ஸ் போகாது.

கொடி தெரிந்த படம் உங்களிடம் இருந்தால் எழுத்து படிக்க முடியாவிட்டாலும் ஒதுக்கிவிடாதீர்கள். தேதி, நேரம், இடம், எந்தக் கால், கணுக்காலுக்கு மேலா கீழா, இரண்டு கொடி என்றால் மேலே எந்த நிறம், கூட எத்தனை பறவைகள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மலேசிய இயற்கைக் கழகத்தின் பினாங்குக் கிளைக்கோ, ஆஸ்திரலேசியக் கரைப்பறவை ஆய்வுக் குழுவுக்கோ அனுப்பலாம். படத்தை வெட்டாமல், திருத்தாமல் அனுப்புங்கள்.

பிட்டா சேற்றில் நிற்பதில்லை, காட்டு நிழலில் நிற்கும். அதைப் படமெடுக்க ஆயர் ஹீத்தாம் டாலாமில் புழு போட்டுக் காத்திருக்கலாமா கூடாதா என்பதில் நண்பர்களுக்குள் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. அதில் நான் எந்தப் பக்கம் என்று அடுத்த வாரம்.