இல்லாத கையில் ஒரு காப்பிக் கோப்பை

மூளை ஆய்வுக்கூடம் என்றதும் வெள்ளை அங்கியும் சிரிக்கத் தெரியாத முகங்களும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே நடந்த ஒரு குறும்பைக் கேளுங்கள்.

கையை இழந்த ஒருவர் முன்னால் ஓர் ஆய்வாளர் காப்பிக் கோப்பையை வைக்கிறார். இல்லாத அந்தக் கையால் அதை எடுக்கச் சொல்கிறார். அவரும் எடுக்க முனைகிறார். சட்டென்று ஆய்வாளர் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். வந்தவர் வலியில் அலறிவிட்டார்! கோப்பையின் பிடியில் அப்போதுதான் விரல்களை நுழைத்திருந்தாராம். கை இல்லை, விரல் இல்லை. வலி மட்டும் நிஜம்.

குறும்பு செய்தவர் நம் தமிழர், வி.எஸ். இராமச்சந்திரன். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் பேராசிரியரானவர். 1990களின் தொடக்கத்தில் அவர் கையில் எடுத்த கருவி, காது குடையும் பஞ்சுக் குச்சி! கை இழந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டிவிட்டு, அந்தக் குச்சியால் கன்னத்தைத் தொட்டார். கன்னத்தோடு, இல்லாத கையின் கட்டை விரலிலும் தொடுவதாக இளைஞர் சொன்னார்.

காரணம் என்ன? மூளையில் நம் உடலுக்கு ஒரு வரைபடம் உண்டு. அதில் கையும் முகமும் பக்கத்துப் பக்கத்து வீடு. நம் பழைய தோட்டத்து லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீடு காலியானால் அடுத்த வீட்டுக்காரர் அங்கே ஆட்டைக் கட்டிவிடுவார் அல்லவா? அதுதான் நடந்தது என்பது அவர் விளக்கம்.

விலை உயர்ந்த கருவிகளும் சிரிப்பு மூட்டியதுண்டு. அமெரிக்காவில் கிரேக் பென்னட் என்பவரும் நண்பர்களும் செத்துப்போன சால்மன் மீனை மூளைப் படம் எடுக்கும் கருவிக்குள் வைத்தார்கள். அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று கேட்டார்கள். செத்த மீனின் மூளை 'வேலை செய்வதாக' முடிவு வந்தது! நாலு நம்பர் எடுப்பவர்களுக்கு இது புரியும். ஆயிரக்கணக்கில் சீட்டு வாங்கினால் ஏதாவது ஒன்று விழத்தான் செய்யும். மூளையை ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சோதித்துவிட்டுக் கணக்கைச் சரிபார்க்காவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று 2009இல் காட்டினார்கள். 2012இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது.

இனி நம் கதை. என் பெரியப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இனிப்புநீரால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். இரவில் பாதம் அரிக்கிறது என்பார். கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் பாயைச் சொறிவார். பெரியம்மா பூசாரியிடம் திருநீறு வாங்கி வந்தார். டிரஸ்ஸர் சிரித்தார். பிள்ளைகளான நாங்களும்தான் சிரித்தோம். பிறகு அவர் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

இராமச்சந்திரனும் சிரித்தவர்தான். ஆனால் வந்தவர் சொன்னதை நம்பிவிட்டுச் சிரித்தார். பத்து வருடமாக, இல்லாத கை அசையாமல் வலிக்கிறது என்று ஒருவர் வந்தபோது, அட்டைப் பெட்டியின் நடுவே ஒரு முகக்கண்ணாடியை நிறுத்தினார். இருக்கிற கையை அசைத்தால், கண்ணாடியில் தெரியும் கை இல்லாத கையின் இடத்தில் அசையும். வந்தவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பெட்டியை வீட்டுக்கே கொண்டுபோனார். சில வாரங்களில் இல்லாத கையே காணாமல் போனது. முழங்கை வலியும் போனது. தோளில் விரல்கள் மட்டும் தொங்குவதாகச் சொன்னாராம். இல்லாத கையை முதன்முதலில் 'வெட்டி எடுத்த' சிகிச்சை இது என்று இராமச்சந்திரன் வேடிக்கையாக எழுதினார்.

2007இல் காலிழந்த அமெரிக்க வீரர்களிடமும் கண்ணாடிப் பயிற்சி வலியைக் குறைத்தது. எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் காலோ கையோ இழந்தவர் இருந்தால், அரிப்பையும் வலியையும் மறைக்க விடாதீர்கள். டாக்டரிடமும் பிசியோதெரபி பிரிவிலும் சொல்லிக் கேளுங்கள்.

எந்த விரல் அரிக்கிறது என்று பெரியப்பாவிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். சரியாகச் சொல்லியிருப்பார்.