கிட்டப் பார்வையும் எட்டப் பார்வையும்

கண் வைத்தியரைத் தேடிப் போகிறவர்கள் இரண்டு வகையினர். தெருக்கோடியில் வருகிறவர் கடன்காரரா, சம்பந்தியா என்று தெரியாமல் திண்டாடுகிறவர்கள் ஒரு வகை. பஞ்சாங்கத்தைக் கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஆண்டவன் இன்னும் ஒரு சாண் கையை நீளமாகப் படைத்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறவர்கள் மற்றொரு வகை. இரு வகையினருக்கும் வைத்தியர் கண்ணாடி கொடுத்து அனுப்பிவிடுகிறார். ஆனால் மனத்துக்கு வருகிற கிட்டப் பார்வைக்கும் எட்டப் பார்வைக்கும் கண்ணாடி விற்கும் கடை எந்த ஊரிலும் கிடையாது.

இந்த மனக் கோளாறுகள் நம் வீடுகளில் சர்வ சாதாரணம். பையன் ஒரு பரீட்சையில் தவறிவிட்டால் குலமே முழுகிவிட்டதாக எண்ணி வீட்டார் அன்று அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். இது ஒரு கோளாறு. "உலகம் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று தத்துவம் பேசிக்கொண்டு, பக்கத்து வீட்டில் இரண்டு நாளாக உலை ஏறவில்லை என்பதைக் கவனியாமல் இருப்பது இன்னொரு கோளாறு. இரண்டுக்கும் மருந்து ஒன்று உண்டு. அது பிரகிருதியைப் பார்க்கப் பழகுவதுதான். அருகில் சென்றும் பார்க்க வேண்டும். விலகி நின்றும் பார்க்க வேண்டும். எப்படி என்பதை ஒரு பறவைக் கூட்டையும், ஒரு பருவ மழையையும், ஓர் ஏரியையும் கொண்டு சொல்ல முயல்கிறோம்.

பாதியில் நின்ற கூடு

தூக்கணாங்குருவியை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லப் போய்த் தன் வீட்டையே இழந்த அந்தக் குருவியின் கதையைப் பாட்டிமார் சொல்லாத வீடும் இல்லை. கிணற்றின் மேல் சாய்ந்த பனையிலும், முள் மரத்திலும், காற்றில் ஊசலாடும் அந்தக் கூடுகளைத் தூரத்தில் நின்று பார்க்கும்போது நமக்கு என்ன தோன்றுகிறது? பிறவியிலேயே கைவந்த தொழில், பிழையில்லாத வேலை, ஒற்றுமையான குடும்பம். கூட்டுக்குள் களிமண்ணில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றி வைக்கிறது என்றுகூட நம் முன்னோர் சொல்லிவந்தார்கள்.

1930-ஆம் ஆண்டில், பம்பாய்க்கு அருகே கடற்கரையில் உள்ள கிஹிம் என்ற கிராமத்தில் ஒருவர் இந்தக் கூடுகளைக் கிட்ட இருந்து பார்க்க ஆரம்பித்தார். அவர்தாம் ஸலீம் அலி. பறவை சாஸ்திரத்தில் மேல் பயிற்சிக்காக ஜெர்மனி சென்று திரும்பியவருக்கு ஒரு செய்தி காத்திருந்தது. அவர் பார்த்துவந்த பொருட்காட்சிச் சாலை உத்தியோகம், பணமில்லை என்ற காரணத்தால் எடுக்கப்பட்டுவிட்டது. மனைவி வீட்டாருக்குக் கிஹிமில் ஒரு வீடு இருந்தது. அங்கே போய்த் தங்கினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் குடியேறியிருந்தன. வேலையில்லாத அந்த மனிதர், வேலை ஓயாத அந்தப் பறவைகளை நாள் தவறாமல் கவனித்துவந்தார்.

அவர் கண்டது என்ன? கூடு கட்டுவது ஆண் பறவை. நெல் தாளையும் புல்லையும் நீளவாட்டில் கிழித்து எடுத்து வந்து, அலகினால் முடிச்சிட்டுப் பின்னுகிறது. ஒரு கூடு முடிவதற்குள் ஐந்நூறு தடவை வரையில் நார் சுமக்க நேரும். ஆனால் கூட்டை அது ஒரே மூச்சில் முடிப்பதில்லை. தலைக்கவசம் போன்ற உருவம் வந்ததும் நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கூவுகிறது. பெண் பறவைகள் பரிவாரமாக வந்து, உள்ளே நுழைந்து, இழுத்தும் குத்தியும் பரிசோதிக்கின்றன. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் செய்யும் பரிசோதனை இதன் முன்னே ஒன்றுமில்லை! மனத்துக்குப் பிடித்தால் ஒரு பெண் பறவை அங்கே தங்குகிறது. அதன் பிறகே ஆண் பறவை நீண்ட வாசற் குழலைப் பின்னிக் கூட்டைப் பூர்த்தி செய்கிறது. ஒருத்தியும் ஏற்காவிட்டால் அந்தக் கூடு பாதியிலேயே தொங்குகிறது. குருவி வேறொரு கூட்டை ஆரம்பித்துவிடுகிறது.

ஒற்றுமைக் குடும்பம் என்று நாம் எண்ணியதும் அவ்வளவு சரியல்ல. ஒரு பெண்ணைக் குடியமர்த்தியவுடன் ஆண் பறவை பக்கத்திலேயே அடுத்த கூட்டைக் கட்டி, அடுத்த துணையை அழைக்கத் தொடங்கிவிடுகிறது. ஏகபத்தினி விரதத்துக்கு இக்குருவியை உதாரணம் காட்டிப் பிரசங்கம் செய்தவர்கள் இருந்தால், அவர்கள் பனை மரத்தடியில் ஒரு வாரம் உட்கார்ந்ததில்லை என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே கிட்டப் போய்ப் பார்ப்பதால் கிடைக்கும் முதல் லாபம், நாம் விரும்பியதை அல்லாமல் உள்ளதை உள்ளபடி காண்பது. இரண்டாவது லாபம் பொறுமை. தூரத்தில் அழகாகத் தெரிகிற ஒவ்வொரு கூட்டுக்கும் பக்கத்தில், எவரும் ஏற்காமல் விட்ட அரைக் கூடுகள் தொங்குகின்றன. அவை சோம்பலின் அடையாளமல்ல. உழைப்பின் கணக்கில் அவையும் சேர்ந்தவை. பரீட்சையில் தவறிய பையனைக் கோபித்துக்கொள்ளுமுன் பெற்றோர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். ஸலீம் அலியின் வாழ்க்கையிலும் அந்த 1930-ஆம் ஆண்டு ஓர் அரைக் கூடுதான். அடுத்த ஆண்டில் வெளியான அவருடைய தூக்கணாங்குருவிக் கட்டுரை அவரை அறிஞர் உலகத்துக்கு அறிமுகம் செய்தது. 1987-இல் காலமாகும் வரையில் இந்தியப் பறவைகளைப் பற்றிய பேச்சில் அவர் பெயரே முன் நின்றது.

கடல்களின் ஏற்ற மரம்

இனி விலகி நின்று பார்ப்போம். குருவியைப் பார்க்கப் பனையடி போதும். மழையைப் பார்க்க எங்கே நிற்பது?

ஒரு கிராமத்தில் மழை தவறினால், அந்தக் கிராமத்தார் தங்கள் ஊருக்குள்ளேயே காரணத்தைத் தேடுவார்கள். யார் பாவம் செய்தார்கள், எந்தக் கோயிலில் பூஜை நின்றது என்று விசாரிப்பார்கள். பக்கத்து ஊரிலும் அதே விசாரணை நடந்துகொண்டிருக்கும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் பல லட்சம் உயிர்கள் மாண்டன. அதே சமயத்தில் சீன தேசத்தின் வட பகுதியிலும், பிரேஸில் தேசத்தின் ஒரு பகுதியிலும் மழை பொய்த்து ஜனங்கள் மாண்டுகொண்டிருந்தார்கள் என்பது நம் கிராமத்துக் குடியானவருக்குத் தெரிய வழியில்லை.

1904-இல் இந்திய வானிலை இலாகாவின் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர், கணித மேதை. சென்னைத் துறைமுகக் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுடைய கணக்குகளைக் கண்டு, அவருக்கு உபகாரச் சம்பளம் தரவேண்டும் என்று 1913-இல் சென்னைச் சர்வகலாசாலைக்கு எழுதியவர் இவரே. இந்திய மழையின் ரகசியத்தை இந்தியாவுக்குள் மட்டும் தேடிப் பயனில்லை என்று கண்ட வாக்கர், உலகின் பல பாகங்களிலிருந்தும் காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் கணக்குகளைச் சேகரித்தார். இந்தியக் குமாஸ்தாக்கள் பலர் வருஷக் கணக்காக உட்கார்ந்து அந்த எண்களைக் கூட்டிப் பெருக்கினார்கள். கடைசியில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. நம் கிணற்று ஏற்ற மரத்தின் ஒரு முனை தாழ்ந்தால் மறு முனை உயர்கிறதல்லவா? அது போலவே பஸிபிக் சமுத்திரத்தில் காற்றழுத்தம் ஏறும்போது இந்து மகா சமுத்திரப் பக்கம் இறங்குகிறது; அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. 1960-களில் பியர்க்னெஸ் என்ற அறிஞர், இந்த ஏற்ற இறக்கத்தையும், தென் அமெரிக்கக் கரையோரம் கடல் நீர் வெதும்புகிற 'எல் நினோ'வையும் ஒன்றாக இணைத்துக் காட்டினார். தாது வருஷப் பஞ்சத்தின்போது மிகக் கடுமையான எல் நினோ நிலவியது என்பதையும் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

விலகி நின்று பார்த்தால் கிடைப்பது அடக்கம். நம் வயல் காய்ந்ததற்கு நம் ஊர்ப் பாவம் காரணமல்ல என்ற ஆறுதலும் உண்டு. அதோடு, நம் சுகதுக்கத்தைக் கொண்டு உலகத்தை அளக்கலாகாது என்ற பாடமும் உண்டு. எல் நினோ வருஷங்களில் தேசத்தின் பெரும் பாகத்தில் தென்மேற்குப் பருவ மழை குறைவதே பெரும்பாலும் வழக்கம். ஆனால் அதே வருஷங்களில் தமிழ் நாட்டுக்கு வடகிழக்குப் பருவ மழை மிகுதியாகப் பெய்வதும் உண்டு. 2015-ஆம் ஆண்டில் வடக்கே பல ஜில்லாக்கள் வறண்டு கிடந்தன. டிசம்பரில் சென்னை நகரமோ வெள்ளத்தில் மிதந்தது. 1997-இல் பலத்த எல் நினோ வந்தும் இந்தியாவில் மழை குறையவில்லை. கணக்கு எவ்வளவு பெரிதானாலும் வானம் ஒரு பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது.

தூரத்தில் மட்டும் நின்றவர்கள்

ஆனால் எட்டப் பார்வை மட்டுமே உள்ளவர்கள் கையில் அதிகாரம் அகப்பட்டால் என்ன நேரும் என்பதையும் அதே பஞ்சம் காட்டியது. சென்னை ராஜதானியில் ஜனங்கள் பட்டினியால் விழுந்துகொண்டிருக்கையில், 1877 ஜனவரி முதல் தேதி, விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்ய ராஜப் பிரதிநிதி லிட்டன் தில்லியில் மகா தர்பார் நடத்தினார். தானியம் கப்பலேறுவது நிற்கவில்லை. செலவைக் குறைப்பதற்காக அனுப்பப்பட்ட ஸர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்குத் தினம் ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசும் போதும் என்று விதித்தார். காகிதக் கணக்குக்கு அது சரியாகவே இருந்தது.

அதை எதிர்த்தவர் சென்னையில் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ். இவரும் அதே சர்க்கார் உத்தியோகஸ்தர், அதே இங்கிலாந்துக்காரர். வித்தியாசம் இவ்வளவுதான்: அவர் ஜனங்களின் உடம்பைப் பார்த்தார். கடின வேலை செய்கிறவனுக்கு அந்த ஒரு ராத்தல் உயிரைக் காக்கப் போதாது என்று வாதாடினார். 1877-ஆம் ஆண்டிலேயே கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. மழை தவறியது வானத்தின் செயல். ஒரு ராத்தல் என்று விதித்தது மனிதர் செயல். முன்னதை அறிய விலகி நிற்க வேண்டும். பின்னதை அறியப் பசித்தவன் அருகில் போய் நிற்க வேண்டும்.

ஏரிக்கரை ஞானம்

இரண்டு பார்வையும் ஒன்றுகூடிய இடம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்தில், செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள வேடந்தாங்கல்தான் அது. வேடர்களின் ஊர் என்பதால் வந்த பெயர் என்பார்கள். பெயர் வேடருடையது, காரியமோ பறவைகளைக் காப்பது.

வடகிழக்குப் பருவ மழையில் ஏரி நிரம்பியதும், தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரையும், கொக்கும், நீர்க்காகமும், கரண்டிவாயனும் வந்து கூடு கட்டுகின்றன. இமயத்துக்கு அப்பாலிருந்து வாத்து இனங்களும் வந்து சேருகின்றன. கரையில் நின்று பார்த்தால் மரமெல்லாம் வெள்ளைப் பூப் பூத்தாற்போல் இருக்கும். கிட்டப் போனால் காது செவிடுபடும் கூச்சல். மூக்கைத் துளைக்கும் வாடை. அண்டைக் கூட்டிலிருந்து சுள்ளியைத் திருடும் நாரை. தவறி விழுந்து தத்தளிக்கும் குஞ்சு. பூவும் பொய்யல்ல, கூச்சலும் பொய்யல்ல.

அந்தக் கிராமத்தார் தூரத்து அழகில் மயங்கிப் பறவைகளைக் காக்கவில்லை. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாயும் வயலில் பயிர் செழிக்கிறது என்பதை அருகிருந்து கண்டார்கள். அந்த எச்சத்தில் பயிருக்கு வேண்டிய உரச் சத்து இருப்பதை இன்றைய ரஸாயன சாஸ்திரமும் ஒப்புக்கொள்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, கிராமத்தார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை ஏற்றுக் கவுல் எழுதிக் கொடுத்தார். கம்பெனி துப்பாக்கிக்கு முன்னால், எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்கள் நாரைக்காக வழக்காடி ஜயித்தார்கள் என்றால், அது நம் தேச சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய விஷயம் அல்லவா? 1936-இல் சர்க்கார் அதைச் சரணாலயமாக அங்கீகரித்தது. 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் ஜாபிதாவில் அது சேர்ந்தது. சுமார் 74 ஏக்கர் கொண்ட ஒரு சிறு ஏரிக்கு இதைவிடப் பெரிய கௌரவம் வேண்டியதில்லை.

மழை தவறிய வருஷத்தில் ஏரி வறண்டு கிடக்கும். பறவைகளும் சொற்பமாகவே வரும். அதற்காக ஊரார் மரங்களை வெட்டி விற்றுவிடவில்லை. அடுத்த மழைக்கு அவை வேண்டும் என்று விட்டு வைத்தார்கள். ஒரு வருஷத்தைக் கிட்டப் பார்வையாலும், பல தலைமுறைகளை எட்டப் பார்வையாலும் பார்த்தவர்களுடைய நிதானம் அது.

வருகிற தை மாதத்தில் நேயர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துக்கொண்டு அந்த ஏரிக்கரைக்குப் போய் வரலாம். முதலில் கண்ணாடி எதுவும் இல்லாமல் மொத்தக் காட்சியையும் பார்க்கட்டும். பிறகு தூரதிருஷ்டிக் கண்ணாடியால் ஒரே ஒரு கூட்டை அரை மணி நேரம் பார்க்கட்டும். இரண்டையும் பார்த்த பிள்ளை வீடு திரும்பும்போது பல கேள்விகள் கேட்கும். பதில் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. கேள்வியை மட்டும் அடக்கிவிட வேண்டாம்.